பொறியியல் படிப்பு: முதலிடுமுன் விசாரிப்போம்

ஒரு மூடை பருப்பு வாங்குவதென்றாலும் நாலு மொத்தக் கடையில் விலை கேட்டு, கையில் அள்ளிப் பார்த்துத்தான் நாம் வாங்குகிறோம். ஆனால் பிள்ளையின் படிப்புக்கு இலட்சக்கணக்கில் கொடுக்கும்போது ஒரு பத்திரிகை விளம்பரமும் பளபளக்கும் கையேடும் நமக்குப் போதுமாகி விடுகின்றன. ஹட்டன் வியாபாரிகள் பலர் இது பற்றி என்னிடம் கேட்பதால், அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் முடிவை சாதாரண தரம் முடிந்தவுடனேயே எடுக்க வேண்டும். பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்று பாடங்களும் தேவை. "நல்ல ஸ்கூல்" என்று பிள்ளையை உடனே கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்புபவர்கள் ஒரு கணக்கைப் பார்ப்பதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும் வழங்கப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு உரியது. நுவரெலியா அவற்றுள் ஒன்று. எனவே நமது மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி பெரும்பாலும் கொழும்பைவிடக் குறைவாகவே இருக்கும். மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை படித்த பாடசாலை பார்க்கப்படுகிறது. வீட்டு விலாசம் ஹட்டனில் இருப்பது மட்டும் போதாது. ஆகவே பாடசாலை மாற்றுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கையேட்டை வாசியுங்கள். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரி போன்ற நமதூர்ப் பாடசாலைகளில் தமிழ் மொழியில் விஞ்ஞானம், கணிதம் படித்தே பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றிருக்கிறார்கள்.

அரச பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லாமல் படிக்கலாம். 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு மாறிய பொறியியல் பீடம் நமக்குக் கிட்டியது. கம்பளை வழியாகப் போய் வரலாம். மொரட்டுவைக்குப் போட்டி மிக அதிகம். காலியில் ருகுணு, கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் பொறியியல் உண்டு. பெண் பிள்ளையை எங்கே தங்க வைப்பது என்று தயங்கும் பெற்றோர் இவற்றின் விடுதி வசதிகளை நேரில் சென்று பார்த்து வரலாம். விண்ணப்பத்தில் இவற்றை எந்த வரிசையில் எழுதுவது என்பது முக்கியம். எங்கும் ஆங்கிலத்தில்தான் விரிவுரை. எனவே உயர்தரம் முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களைக் கடையில் மட்டும் கழிக்க விடாமல் ஆங்கிலம் படிக்க அனுப்புங்கள்.

வெட்டுப்புள்ளி தவறினால் வாழ்க்கை தவறியதாகாது. நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் படிக்கலாம். அதற்குக் கண்டியிலும் பிராந்திய நிலையம் உண்டு. கடையைக் கவனித்துக் கொண்டே படிக்கும் பிள்ளைக்கு இது பொருத்தமான வழி.

தனியார் நிறுவனம் என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டத்தை வழங்குவது யார்? மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பட்டத்தை அல்லது பல்கலைக்கழகத்தை அங்கீகரிக்கிறதா? இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு அங்கீகாரம் வழங்கியிருக்கிறதா? இந்த நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவம் பெற்றது. அதன் அங்கீகாரமுள்ள பட்டம் வெளிநாடுகளிலும் மதிக்கப்படுகிறது. வாயால் சொல்லும் பதில் வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள்.

நாலாவது கேள்வி பணத்தைப் பற்றியது. இறுதி வருடக் கட்டணம் ரூபாவிலா, வெளிநாட்டு நாணயத்திலா? எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி டொலர் 200 ரூபா என்று கணக்குப் போட்டு மகனைச் சேர்த்தார். 2022 மார்ச்சில் ரூபா சரிந்தது, மே மாதத்தில் டொலர் 360 ரூபா அளவுக்குப் போனது. சரக்கு ஏற்றும் வேனை விற்றுத்தான் அவர் கட்டணத்தைக் கட்டினார். தோட்டத்துச் சம்பள நாளை நம்பிக் கடன் கொடுத்து நடத்தும் நம் கடைகளுக்கு அப்படி ஓர் அடியைத் தாங்குவது எளிதல்ல.

கட்டணத்துக்காக வட்டிக் கடனில் விழவும் வேண்டாம். அரச பல்கலைக்கழகத்தில் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1981இல் ஆரம்பித்த மஹாபொல புலமைப்பரிசில் கிடைக்கும். தெரிவு செய்யப்பட்ட தனியார் பட்டங்களுக்கு அரசு 2017இல் வட்டியில்லாக் கடன் திட்டமொன்றை ஆரம்பித்தது. அது வருடந்தோறும் அறிவிக்கப்படும் நிபந்தனைகளின்படி வழங்கப்படுவதால், அறிவித்தல் வரும்போது கவனியுங்கள். வசதியுள்ளவர்கள் தமது ஸகாத்தில் ஒரு பங்கை ஊரின் ஏழை மாணவருக்கு ஒதுக்கினால் பள்ளிவாசல் நிர்வாகமே இதை ஒழுங்கு செய்யலாம்.

கடைசியாக, பிள்ளையிடமும் கேளுங்கள். கணிதத்தில் விருப்பமில்லாத பிள்ளையை ஊர்ப் பெருமைக்காகப் பொறியியலுக்கு அனுப்புவது, விலை போகாத சரக்கைக் கடன் வாங்கி நிரப்புவது போன்றதுதான். விருப்பமுள்ள பிள்ளைக்கு, மகனோ மகளோ, விசாரித்துச் செய்யும் முதலீடு இன்ஷா அல்லாஹ் வீண் போகாது.