கதை எழுதவும் ஒரு வகுப்பு இருந்தது

லகாட், பூசிங், பத்து காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து, இப்போது தாமான்களில் வசிப்பவர்களிடம் கதைக்குப் பஞ்சமில்லை. பெரட்டு, மங்கு, லயம் என்ற சொற்களை வாழ்ந்து தெரிந்துகொண்ட கடைசித் தலைமுறை அவர்கள்தான். ஆனால் பலர் சிறுகதைப் போட்டி அறிவிப்பு வந்தால்தான் பேனாவைத் தேடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு கதை எழுதினால் கை எப்படிப் பழகும்?

இதற்கு நம் நாட்டிலேயே வழி காட்டியிருக்கிறார்கள். 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பாடம் அச்சில் வரும். வாசகர்கள் பயிற்சி எழுதி அனுப்புவார்கள். அதில் பயின்ற மா. இராமையா பின்னாளில் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றையே எழுதினார். 1952-இல் அதே நாளிதழில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கிருந்து இளம் எழுத்தாளர்களைக் கூட்டிக் கதைகளைப் பற்றிப் பேச வைத்தார்.

பால்வெட்டுக்காரருக்கு இது புதிதல்ல. கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும்; மேலாக நின்றால் பால் வராது. அந்த அளவைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி வெட்டித்தான் கைக்கு வரும். எழுத்தும் அப்படித்தான்.

முழுக் கதைக்கு உட்கார வேண்டாம். தினமும் அரை மணி நேரம், பத்து வரி போதும். லயத்துக் குழாயடியில் இரண்டு பெண்கள் தண்ணீர் பிடிக்கிறார்கள். நேற்றுச் சண்டை, இன்று பேச்சில்லை. 'கோபம்' என்ற சொல்லே வராமல் அதை எழுதிப் பாருங்கள். வாளியை வைக்கும் சத்தம், திருப்பிக்கொண்ட முகம் எல்லாம் தானே வந்து சேரும். மறுநாள் அதையே எதிர் வீட்டுக் கிழவியின் கண்ணால் எழுதலாம். மேடைத் தமிழில் பேசும் பாத்திரங்கள் நம் கதைகளில் இன்னும் அதிகம். எழுதியதைச் சத்தமாகப் படித்தால் அந்தக் குறை காதிலேயே விழும். ஒரு வாரம் கழித்து எடுத்து, வேண்டாததை வெட்டுங்கள். முதலில் அடிபடுவது பெரும்பாலும் தொடக்கப் பத்திதான்.

'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. திருத்திக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் மூன்று நான்கு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடலாம். ஒருவர் படிக்க, மற்றவர்கள் எந்த இடத்தில் மனம் விலகியது என்பதை மட்டும் சொன்னால் போதும். பாராட்டை டீ குடிக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.