பந்தோடு உருளும் பணம்

கோடை விடுமுறையில் நம் பள்ளி எப்படியிருக்கும் என்று சற்று நினைத்துப் பாருங்கள், தோழியரே! வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கும். பெஞ்சுகளின் மேல் தூசி படிந்திருக்கும். விளையாட்டுத் திடலில் ஆடுகள் மேய்ந்தாலும் விரட்டுவார் இரார். விடுமுறை என்றால் அப்படித்தானே என்போம் நாம். ஆனால், பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளையே மூலதனமாகக் கொண்டு ஒரு நகரம் ஆண்டுதோறும் பெரும் வருவாய் ஈட்டுகிறது என்றால் வியப்பாக இல்லையா?

அந்த நகரம் ஸ்வீடன் நாட்டிலுள்ள கோத்தன்பர்க். 1621-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற துறைமுக நகரம் அது. ஏறத்தாழ 6 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். கப்பல் கட்டுவதில் ஒருகாலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. 1970-களில் அத்தொழில் நலிந்தது. ஹீசிங்கன் தீவின் கரையிலிருந்த பெரிய கப்பல் தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அந்த ஆண்டுகளில்தான், அதே தீவைச் சேர்ந்த ஹெக்கன் என்னும் விளையாட்டுக் கழகம் சிறுவர் சிறுமியருக்கான கால்பந்துப் போட்டி ஒன்றை நடத்தத் தொடங்கியது. 1975-இல் தொடங்கிய அதன் பெயர் கோத்தியா கோப்பை.

சிறிய அளவில் தொடங்கிய அப்போட்டி இன்று உலகின் மிகப் பெரிய இளையோர் கால்பந்துப் போட்டிகளுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. ஜூலை மாதத்தில் ஒரே வாரத்தில் 70 அளவிலான நாடுகளிலிருந்து 1,600-க்கும் மேற்பட்ட அணிகள் அங்கே கூடுகின்றன. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முதல் பதினெட்டு வயதினர் வரை விளையாடுகின்றனர். சிறுமியருக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. 1958-ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக்காகக் கட்டப்பெற்ற உல்லேவி அரங்கில் தொடக்க விழா நடைபெறுகிறது. ஆட்டங்கள் நகரெங்கும் பரவிய திடல்களில் நடக்கின்றன.

பூட்டிய கதவுகள் திறக்கின்றன

இத்தனை பேரும் எங்கே தங்குவர்? இங்கேதான் அந்நகரத்தாரின் அறிவுக் கூர்மையைக் காண்கிறோம். ஜூலையில் ஸ்வீடன் நாட்டுப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. தொழிற்சாலைகளுக்கும் அப்போதுதான் நீண்ட விடுப்பு. நகரத்தார் பலர் கடற்கரைக் குடில்களுக்குச் சென்றுவிடுவர். அலுவல் நிமித்தம் வருவோரும் குறைவு. ஆதலால் வகுப்பறைகள் வெறுமையாகக் கிடக்கும். மேசைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தரையில் மெத்தை விரித்துப் பிள்ளைகள் உறங்குகின்றனர். பள்ளி உணவுக்கூடத்தில் உண்கின்றனர். நகரத்து டிராம் வண்டிகளில் ஏறித் திடலுக்குச் செல்கின்றனர்.

இதற்கெனப் புதிதாக மாளிகை கட்ட வேண்டியதில்லை. முன்பே இருக்கும் பள்ளி, முன்பே இருக்கும் திடல், முன்பே ஓடும் வண்டி ஆகியவையே போதும். சும்மா கிடக்கும் பொருளைப் பயன்படுத்தினால் செலவு சிறிது, வருவாய் பெரிது. இதுவே அப்போட்டியின் பொருளாதார இரகசியம்.

நூறு ரூபாய் எத்தனை ரூபாய்?

வெளியூர்க் குழு ஒன்று ஓர் ஊருக்கு வந்து நூறு ரூபாய் செலவிடுகிறது என்று கொள்வோம். அந்த ரூபாய் அத்துடன் நின்றுவிடுவதில்லை. ரொட்டிக் கடைக்காரர் அதில் ஒரு பகுதியைத் தம் பணியாளுக்குக் கூலியாகத் தருகிறார். பணியாள் அதைக் கொண்டு அதே ஊரில் காய்கறி வாங்குகிறார். காய்கறிக்காரர் தம் மகளுக்குச் செருப்பு வாங்குகிறார். இவ்வாறு ஒரே பணம் பல கைகளில் சுழல்கிறது. பொருளாதார நூலார் இதனைப் 'பெருக்கி' என்பர். ரிச்சர்டு கான் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1931-இல் இக்கருத்தை விளக்கினார். 1936-இல் கீன்ஸ் தம் நூலில் அதனை விரிவுபடுத்தினார்.

கணக்கில் ஆர்வமுள்ள தோழியர் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கையிலும் வரும் பணத்தில் நூற்றுக்கு 40 பங்கு மட்டும் மறுபடியும் அதே ஊரில் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 100, பின் 40, பின் 16, பின் 6.40 என்று சுருங்கிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 167 ரூபாய் வரும். நூற்றுக்கு 20 பங்கு மட்டுமே ஊரில் தங்கினால் கூட்டுத்தொகை 125 ரூபாய்தான். ஆகவே எவ்வளவு பணம் வந்தது என்பதைவிட, வந்த பணம் எவ்வளவு தூரம் ஊருக்குள் சுழன்றது என்பதே முக்கியம்.

வெளியே போய்விடும் பங்கைக் 'கசிவு' என்பர். தொலைதூர நிறுவனத்திற்குச் சொந்தமான ஓட்டலில் தங்கினால், இலாபம் அன்றே ஊரைவிட்டு வெளியேறிவிடும். கோத்தன்பர்க்கில் 1923 முதல் லிசபெர்க் என்னும் பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அது நகராட்சிக்கே சொந்தம். அங்கே பிள்ளைகள் இராட்டினம் ஏறக் கொடுக்கும் காசு நகரத்தின் காசாகவே நிற்கிறது. போட்டியின் வருவாயும் ஒரு தனி முதலாளியிடம் போகாமல் ஹெக்கன் கழகத்திற்குச் சேர்ந்து, அதன் விளையாட்டுப் பணிகளுக்குப் பயன்படுகிறது.

அக்கழகத்தைப் பற்றி நாம் மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. கோத்தன்பர்க் நகரின் புகழ்பெற்ற பெண்கள் அணி ஒன்று 2020-இல் ஸ்வீடன் நாட்டுப் பட்டத்தை வென்றது. வென்ற அதே ஆண்டின் இறுதியில் கலைக்கப்படும் நிலைக்கும் வந்தது. 2021-இல் அவ்வணியைத் தன்னுடன் இணைத்துக்கொண்டு அது தொடர வழிசெய்தது ஹெக்கன் கழகமே.

கணக்கில் மயங்கக் கூடாது

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எந்த ஊரும் போட்டி நடத்தினால் செல்வம் கொழிக்கும் என்று எண்ணிவிடலாகாது. உள்ளூர்க் குடும்பம் ஒன்று போட்டியைப் பார்க்கச் சென்று ஐஸ்கிரீம் வாங்குகிறது. போட்டி இல்லாவிட்டால் அந்தப் பணத்தை அவர்கள் வேறு கடையில் செலவிட்டிருப்பர். அது ஊருக்குப் புதிய பணம் அன்று, இடம் மாறிய பணமே. அவ்வாறே, கூட்டத்திற்கு அஞ்சி வழக்கமான பயணிகள் வராமல் போனால் அந்த இழப்பையும் கழிக்க வேண்டும். குப்பை அகற்றவும், காவலுக்கும், திடலைச் சீர்ப்படுத்தவும் ஆகும் செலவும் உண்டு. போட்டி நடத்துவோர் வெளியிடும் பெருந்தொகைகளில் இக்கழித்தல்கள் பலவேளை இடம்பெறுவதில்லை.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்டு என்ற நகரம் உண்டு. இளையோர் விளையாட்டை நம்பி அந்நகரம் 400 ஏக்கர் பரப்பில் பெரியதொரு விளையாட்டு வளாகத்தைக் கட்டி 2014-இல் திறந்தது. குடும்பங்கள் திரளாக வந்தன. ஆனால் தொடக்கத்தில் அந்நகரில் தங்கும் விடுதிகள் மிகக் குறைவு. எனவே பலர் பக்கத்து ஊர்களில் தங்கினர். திடலின் கடன் ஓர் ஊருக்கு, விடுதி வருவாய் வேறோர் ஊருக்கு! பிற்காலத்தில் அவ்வளாகத்தை விற்பதா, தனியாரிடம் நிர்வாகத்தை ஒப்படைப்பதா என்று நகர மன்றமே விவாதிக்க நேர்ந்தது.

கோத்தன்பர்க்கும் துன்பம் காணாமலில்லை. கொரோனாத் தொற்றின் காரணமாக 2020-லும் 2021-லும் கோத்தியா கோப்பை நடைபெறவில்லை. வகுப்பறைகள் மறுபடி வெறுமையாயின. எனினும், அப்போட்டிக்காகவே கடன் வாங்கிக் கட்டிய கட்டடங்களை நம்பி அது நடக்கவில்லை. பள்ளிகள் பள்ளிகளாகவே நின்றன. 2022-இல் கதவுகள் மீண்டும் திறந்தன.

திடலுக்கு வர இயலாதவர்

இன்னொரு கேள்வியும் நம் மனத்தில் எழ வேண்டும். ஊருக்கு வருவாயாகத் தெரிவது, வரும் பிள்ளையின் பெற்றோருக்குச் செலவன்றோ? நுழைவுக் கட்டணம், பயணம், உணவு ஆகியவற்றைக் கொடுக்க இயலாதவர் மகள் எவ்வளவு திறமையாகப் பந்தை உதைத்தாலும் அந்தத் திடலை எட்ட முடியாது. செலவு மிகுந்த போட்டிகளே நல்ல போட்டிகள் என்றாகிவிட்டால், திறமைக்குப் பதில் பணமே ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும்.

2013-ஆம் ஆண்டு ஜார்க்கண்ட் மாநிலத்தில், ராஞ்சிக்கு அருகேயுள்ள சிற்றூர்களைச் சேர்ந்த ஏழைச் சிறுமியர் ஸ்பெயின் நாட்டுக்குச் சென்று இத்தகைய போட்டிகளில் விளையாடினர். யுவா என்னும் தொண்டு நிறுவனம் அவர்களைப் பயிற்றுவித்து அனுப்பியது. காஸ்டேஸ் கோப்பையில் அவர்கள் மூன்றாம் இடம் பெற்றுத் திரும்பினர். அவர்களுடைய பயணத்தால் ஸ்பெயின் நாட்டுக் கடைகளுக்குச் சேர்ந்தது சிறு தொகையாகவே இருந்திருக்கும். ஆனால் அப்பெண்களின் ஊரில் எத்தனை தாய்மார் தம் மகளைப் புதிய கண்ணோடு நோக்கியிருப்பர்! அதற்குப் பெருக்கி கண்டுபிடித்த பொருளாதார நூலார் எவரும் இல்லை.

ஆகவே, தோழியரே, பெற்றோரே, நம் ஊரில் என்றேனும் இத்தகைய போட்டி நடத்தும் பேச்சு எழுந்தால் நான்கு கேள்விகள் கேட்போம். வரும் பணம் வெளியிலிருந்து வருகிறதா? வந்தபின் நம் ஊர்க் கைகளில் சுழல்கிறதா? இருப்பதைப் பயன்படுத்துகிறோமா, கடன் வாங்கிக் கட்டுகிறோமா? ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் அத்திடலில் இடம் உண்டா?

நான்கிற்கும் நல்ல விடை கிடைக்குமாயின், பூட்டிய வகுப்பறைகளின் சாவியை மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுக்கலாம்.