வேரியபிள் மாறுது, திரையில நம்பர் ஏன் மாறல?

கேம் எழுத ஆரம்பிக்கிற பெரும்பாலானவங்க முதல் வாரத்துலயே முட்டி நிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. உள்ளே ஸ்கோர் மாறுது, திரையில பழைய நம்பரே நிக்குது. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம். காதால கேட்குற எபிசோட், அதனால கோட் வாசிச்சு உங்களைப் படுத்த மாட்டேன்.

ஒரு நிஜக் கணக்கை எடுத்துக்கலாம். 2025 சீசனுக்கு சென்னை உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு ஒரு வரம்பு வெச்சது. ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும், வார நாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000 வண்டி. இ-பாஸ் இருந்தாத்தான் மேல போக முடிஞ்சது. உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் அந்த வரம்பு இல்லாம இருந்தது.

இதை ஒரு கேமா நினைச்சுக்கோங்க. வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கத்துல இருக்குற செக்போஸ்ட்ல நீங்க நிக்கிறீங்க. திரையில ‘மிச்சம்: 4000’. ஒரு கார் உள்ளே போகுது, வேரியபிள் 3999 ஆகுது. திரையில இன்னும் 4000!

ஏன் இப்படி?

ரேஷன் கடை இருப்புப் பலகையை நினைச்சுப் பாருங்க. காலையில சாக்பீஸ்ல எழுதினது. சர்க்கரை வித்துக்கிட்டே இருக்கும், பலகை தானா குறையாது. திரையில இருக்குற எழுத்தும் அப்படித்தான். அந்த நிமிஷத்து மதிப்பை எடுத்து எழுதின ஒரு நகல். அதுக்கப்புறம் வேரியபிளுக்கும் அதுக்கும் தொடர்பே இல்ல.

மூணு வழி

முதல் வழி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் திரும்ப எழுதுறது. நொடிக்கு 60 தடவை பலகையை அழிச்சு எழுதுற மாதிரி. வேலை செய்யும். ஓடிக்கிட்டே இருக்குற டைமருக்கு இதுவே சரி. ஆனா எப்பவாவது மாறுற நம்பருக்கு இது வீண். யூனிட்டி மாதிரி இடத்துல ஒவ்வொரு தடவையும் புது ஸ்ட்ரிங் உருவாகி, பழசு குப்பையா சேரும். விலை குறைஞ்ச போன்ல அந்தக் குப்பையை அள்ளுற நேரத்துல கேம் திக்கலாம்.

ரெண்டாவது வழி, நம்பரை மாத்துற இடத்துலயே எழுத்தையும் மாத்துறது. இங்கதான் ஆபத்து. கார் நுழைஞ்சா குறையும், பாஸ் ரத்தானா கூடும், நள்ளிரவுல புதுசா ஆரம்பிக்கும். மூணு இடம். ரத்து ஆகுற இடத்துல மட்டும் மறந்துட்டீங்கன்னு வைங்க. உள்ளே 12 இடம் இருக்கும், திரையில 0. வத்தலகுண்டுல இருந்து மலை ஏறி வந்த குடும்பத்தை பிளேயர் திருப்பி அனுப்பிடுவார். அவர் மேல தப்பே இல்ல. அவர் திரையை நம்பினார்.

மூணாவது வழிதான் நமக்கு வேணும். நம்பருக்கு ஒரே ஒரு வாசல் வைங்க. யார் மாத்தணும்னாலும் அந்த வாசல் வழியாத்தான் மாத்தணும். மாறினதும் வாசலே ‘மாறிடுச்சு, புது மதிப்பு இது’ன்னு ஒரு குரல் கொடுக்கும். கேட்க வேண்டியவங்க கேட்டுக்குவாங்க. எழுத்து மாறும், 0 ஆனா கேட் மூடும், சத்தம் வரும். வாசலுக்கு இவங்க யாருன்னே தெரிய வேண்டாம். கோடோவில் இதுக்கு சிக்னல்னு பேரு, யூனிட்டியில ஈவென்ட் வெச்சு செய்வாங்க. 1994ல வந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகம் இதை அப்சர்வர்னு சொல்லுது.

ரெண்டு இடத்துல உஷார்

ஒண்ணு, ஆரம்பம். முதல் மாற்றம் நடக்குற வரைக்கும் குரல் வராது, திரை காலியா நிக்கும். அதனால இணைக்கும்போதே ஒரு தடவை இப்போதைய மதிப்பை எழுதிடுங்க.

ரெண்டு, முடிவு. யூனிட்டியில சீன் மாறி எழுத்து அழிஞ்ச பிறகும், ஈவென்ட் அதைக் கூப்பிட்டா எரர் வரும். போகும்போது இணைப்பை நீங்களே துண்டிக்கணும். கோடோவில் நோட் அழிஞ்சா அதோட சிக்னல் இணைப்பும் போயிடும்.

இந்த வாரம் செஞ்சு பாருங்க. மூணு பட்டன் வைங்க: வெளியூர் கார், பாஸ் ரத்து, நாயுடுபுரத்து ஜீப். முதல் பட்டன்ல நம்பர் குறையணும், ரெண்டாவதுல கூடணும். ஜீப் உள்ளூர் வண்டி, அதனால நம்பர் அசையவே கூடாது. மூணையும் மாத்தி மாத்தி அமுக்குங்க. உள்ளே இருக்குறதும் திரையில இருக்குறதும் ஒரு தடவைகூட பிசகலன்னா, உங்க வாசல் சரியா இருக்குன்னு அர்த்தம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.