வந்து போகும் கோளாறு

எப்போதும் கெட்டுக் கிடக்கும் யந்திரத்தைச் செப்பனிடுவது எளிது. சிற்சில வேளைகளில் மட்டும் கெடும் யந்திரத்தைச் செப்பனிடுவதே அரிது. வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி மறைவது போல, நாம் ஆராய உட்கார்ந்ததும் அது ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிவிடும். இத்தகைய கோளாற்றைப் பிடிக்கும் முறையை, மாணவர்கள் நன்கறிந்த யூ.எஸ்.பி. வன்தட்டைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

கணினியின் இயக்க முறைமைக்கு நடுநாயகமாக விளங்குவது கெர்னல் என்னும் பகுதி. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் உலகெங்கும் வழங்குகிறது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயக்க முறைமையும் அதன்மீது எழுந்ததே. கெர்னலுக்கும் வெளிச் சாதனத்துக்கும் இடையே நிற்கும் நிரலை டிரைவர் என்பர். பழைய சென்னப்பட்டணத்தில் ஐரோப்பிய வணிகருக்கும் உள்ளூர் வணிகருக்கும் நடுவே நின்ற துபாஷியை ஒத்தது அது. துபாஷி ஒரு சொல்லைத் தவறவிட்டால் பேரம் முறிந்துவிடும்.

பழைய முறையில் இவ்வுரையாடல் மூன்று கட்டங்களாக நடைபெறும். முதலில் 31 பைட்டுகளில் கட்டளை செல்லும். பிறகு தரவு செல்லும் அல்லது வரும். இறுதியில் 13 பைட்டுகளில் விடை வரும். யூ.ஏ.எஸ். என்னும் புதிய முறையிலோ பல கட்டளைகள் ஒரே சமயத்தில் வரிசையில் நிற்கலாம். விடை வராவிட்டால் லினக்ஸ் வழக்கமாக 30 விநாடி பொறுத்திருந்து, கட்டளையை ரத்து செய்ய முயலும். பயனில்லையேல் சாதனத்தை மீட்டமைக்கும். இவை யாவும் கெர்னலின் பதிவேட்டில் நேரத்தோடு பதிவாகும்.

திருவொற்றியூரில் ஒரு சிறு தொழிற்கூடம். தொழிலாளர் கூலிக் கணக்கைப் பிரதியெடுக்கும் வன்தட்டு, ஏறக்குறைய பத்து முறைக்கு ஒரு முறை பாதியில் நின்றுவிடும். மூலமும் பழுதானால் சனிக்கிழமைக் கூலிக்கு ஆதாரமே இராது. “கடற்காற்றின் உப்பு முனைகளை அரித்துவிட்டது” என்றார் ஒருவர். “மென்பொருளின் குற்றமே” என்றார் மற்றொருவர். இரண்டும் நடக்கக்கூடியவையே, எனினும் ஊகம் சான்றாகாது.

பதிவேட்டைப் படித்தோம். இணைப்பு அறுந்ததாகச் செய்தி இருந்தால் கம்பியையும் மின்சாரத்தையும் முதலில் ஐயுற வேண்டும். இங்கோ இணைப்பு அறவில்லை, விடைதான் வரவில்லை. ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாகவே மாற்றிப் பார்த்தோம். கம்பியை மாற்றினோம், முனையை மாற்றினோம். யூ.எஸ்.பி. 3.0 முனை சாதாரணமாக 900 மில்லி ஆம்பியர் வரையே தரும். ஆதலால் தனி மின்சாரமும் கொடுத்தோம். பயனில்லை. அதே வன்தட்டு வேறு கணினியிலும் நின்றது. வேறு வன்தட்டு அதே கணினியில் நிற்கவில்லை. ஆகவே ஐயம் வன்தட்டின் இடைச் சில்லுக்கும் டிரைவருக்கும் இடையிலான உரையாடலின்மேல் விழுந்தது. அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் யூ.ஏ.எஸ். முறையை நிறுத்தினோம்.

அடுத்த பிரதி தடையின்றி முடிந்தது. வெற்றி என்று கூறலாமா? கூடாது. பத்துக்கு ஒன்று தவறும் யந்திரம், எதுவும் மாற்றாமலே, தொடர்ந்து பத்து முறை தவறாதிருக்க நூற்றுக்கு 35 வாய்ப்பு உண்டு. முப்பது முறைக்கு அவ்வாய்ப்பு நூற்றுக்கு நான்காகும். ஐம்பது முறைக்கு இருநூற்றில் ஒன்றாகும். எனவே ஐம்பது முறை ஓட்டி, பிழை தோன்றாததைக் கண்ட பிறகே தீர்ப்புக் கூறினோம்.

பழைய கெர்னலில் இல்லாத பிழை புதியதில் வந்தால், இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கலாம். ஆயிரம் மாற்றங்களுக்குப் பத்துச் சோதனைகள் போதும். ஆனால் வந்து போகும் பிழையாயின், ஒவ்வொரு சோதனையையும் பன்முறை ஓட்டினாலன்றி ‘நல்லது’ என்னும் தீர்ப்பை நம்ப முடியாது.

இன்னொரு விந்தையும் உண்டு. சில இடைச் சில்லுகளுக்குக் கட்டளைக்கும் தரவுக்கும் நடுவே சிறிது ஓய்வு தேவை. லினக்ஸ் டிரைவர் அவற்றுக்காக 125 மைக்ரோ விநாடியேனும் காத்திருக்கிறது. இத்தகைய பிழையைத் தேடி நிரலில் செய்தி எழுதும் வரியைச் சேர்த்தால், அத்தாமதத்தாலேயே பிழை ஒளிந்துகொள்ளக்கூடும். ஆதலின் ‘யூ.எஸ்.பி.மான்’ போன்ற கருவியால் ஓரமாக நின்று உரையாடலைக் கேட்பதே நலம்.

விசேஷ கவனிப்பு வேண்டும் சாதனங்களுக்கென்றே லினக்ஸில் ஒரு பட்டியல் இருக்கிறது. கெர்னல் பதிப்பு, சாதன அடையாள எண், பதிவேடு, சோதனைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு கண்டதை டிரைவரைப் பராமரிப்போருக்கு எழுதினால், அச்சாதனமும் பட்டியலில் ஏறலாம். வேறொரு நாட்டில் அதே வன்தட்டோடு அல்லற்படுபவர் தப்புவார். அதுவரை ஒவ்வொரு பிரதியையும் மீண்டும் படித்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். முறைப்படி விடுவித்த பிறகே வன்தட்டைக் கழற்றுங்கள்.