காலையில் ஸ்டார்ட் ஆகாத வான்: பம்பைக் கழற்ற முன் ஹீற்றர் பிளக்கைப் பாருங்கள்

மாங்கேணியில் விடியற்காலை மீன் ஏற்றிய டீசல் வான் ஸ்டார்ட் எடுக்காவிட்டால், வாழைச்சேனை போய்ச் சேருமுன் ஐஸ் கரைந்துவிடும். இரவில் நோயாளியை ஏற்றியிருந்தால் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிக்கும் உதிரிப்பாகத்துக்கும் அலைந்த எங்கள் சனத்துக்கு, வாகனத்தைத் தள்ளி எடுப்பது பழகிப்போன வேலை. ஆனால் பிளக் எரிந்த வானைத் தள்ளியும் பெரிய பலனில்லை.

டொயோட்டா 2எல், 3எல், 5எல் போன்ற பழைய என்ஜின்களில் டீசல் முதலில் ஒரு சிறிய முன்னறைக்குள் பீச்சப்படுகிறது. குளிர்ந்த என்ஜினில் அந்த அறையின் சுவர் காற்றின் சூட்டை இழுத்துவிடும். அதை ஈடுகட்டத்தான் ஹீற்றர் பிளக். வெக்கையான எங்கள் ஊரிலும் அது தேவைப்படுவது இதனால்தான். காலையில் வெள்ளைப் புகையோடு இருமி, சூடேறிய பின் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் பிளக்கில்தான்.

சோதிக்க ஒரு சிறிய 12 வோல்ட் பல்ப்பும் இரண்டு வயரும் போதும். ஒரு வயரை என்ஜின் உடம்பிலும் மற்றதைப் பிளக்குகளை இணைக்கும் தகட்டிலும் பிடித்து, சாவியைத் திருப்புங்கள். உடனே பல்ப் எரியாவிட்டால் பியூஸ் அல்லது ரிலேயில் பிழை. எரிந்தால் சாவியை மூடி, தகட்டைக் கழற்றி, பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து பல்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தொடுங்கள். பல்ப்பை எரியவிடாத பிளக் செத்தது. எல்லாம் ஒன்றாகச் செத்திருந்தால் ரிலே ஒட்டிப்போயிருக்கலாம். அதைப் பாராமல் புதுப் பிளக் போட்டால் அதுவும் எரியும். வாங்கும்போது பழையதில் பொறித்த வோல்ட்டையே கேளுங்கள். 6 வோல்ட், 11 வோல்ட் என்று இரண்டு வகையும் உண்டு.

காற்றுக் குழாயில் ஈதர் ஸ்பிரே அடிப்பது, பெற்றோல் துணி பிடிப்பது வேண்டவே வேண்டாம். சூடான பிளக்கில் அது வெடித்து பிஸ்டனை உடைக்கும்.

பிளக் எல்லாம் சரியா? காலையில் பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அமத்திவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். எடுத்தால், இரவில் எங்கோ குழாயில் காற்று ஏறுகிறது.