தறிக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா?

சென்ற மாதம் ஒரு வழக்கின் நிமித்தம் ஆரணிக்குச் சென்றிருந்தோம். வெள்ளிக்கிழமை விசாரணை முடியவில்லை. திங்களன்று மீண்டும் தொடரும் என்று நீதிபதி கூறிவிட்டபடியால், இடையிலுள்ள இரண்டு நாட்களையும் அவ்வூரிலேயே கழிக்க நேர்ந்தது. ஞாயிறு காலை, நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள ஒரு பட்டு நெசவாளரின் வீட்டுக்குப் போனோம். கோர்ட்டு பூட்டியிருந்தது, பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தன. அந்தத் தெருவிலோ வீட்டுக்கு வீடு நாடா ஓடும் சப்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நண்பர் குழித்தறியில் இருந்தார். அவருடைய மனைவியார் பக்கத்தில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். அவர்களுடைய குமாரன், ஜெர்மனி தேசத்தில் ட்யூஸல்டார்ப் நகரத்தில் இன்ஜினீயராக உத்தியோகம் பார்ப்பவன், நான்கு வருஷங்களுக்குப் பிறகு ரஜாவில் வந்திருந்தான். தான் சனி ஞாயிறுகளில் சுற்றிப் பார்த்த ஊர்களின் படங்களை ஒவ்வொன்றாய் நமக்குக் காட்டினான்.

அவன் சொன்னவை கேட்க இனிமையாயிருந்தன. வெள்ளிக்கிழமை மாலையோடு அவனுடைய வாரத்து வேலை முடிந்துவிடும். சனிக்கிழமை விடிந்ததும் ரயிலேறினால், ஒரு மணி நேரத்துக்குள் கொலோன் நகரத்து மாதா கோவிலின் இரட்டைக் கோபுரங்களைக் காணலாம். மேற்கே போனால் ஆலந்து தேசத்து வென்லோ சந்தையில் காய்கறி வாங்கித் திரும்பலாம். ஆகன் நகருக்கு அருகே ஜெர்மனி, பெல்ஜியம், ஆலந்து ஆகிய மூன்று தேசங்களின் எல்லைகளும் ஒரே கல்லில் சந்திக்கின்றன. அக்கல்லைச் சுற்றி நடந்தால் அரை நிமிஷத்தில் மூன்று தேசங்களையும் வலம் வந்துவிடலாம். 1995 முதல் அவ்வெல்லைகளில் நாள்தோறும் பாஸ்போர்ட்டு கேட்கும் வழக்கம் நீங்கிற்று. இடையிடையே சோதனைகள் திரும்பி வந்ததுண்டு. ஆயினும் ஜனங்கள் அடுத்த தேசத்துக்குப் போவதை அடுத்த தெருவுக்குப் போவதாகவே எண்ணுகிறார்கள். 2023 மே மாதத்தில் அந்நாட்டார் 49 யூரோவுக்கு ஒரு மாதச் சீட்டை ஏற்படுத்தினார்கள். பின்னர் அதன் விலை ஏறியதாயினும், அதை வைத்துக்கொண்டு தேசமெங்கும் ஊர் வண்டிகளில் ஏறி இறங்கலாம்.

அவன் காட்டிய படங்களில் ஒன்று நம்மை நிறுத்திற்று. அது கிரெபெல்ட் என்னும் ஊரில் எடுத்தது. ட்யூஸல்டார்ப்பிலிருந்து அவ்வூருக்கு 1898ஆம் வருஷத்திலேயே மின்சார ரயில் போட்டிருக்கிறார்கள். கிரெபெல்ட் ஒரு பட்டு நகரம். ஜெர்மானியர் இன்றும் அதை வெல்வெட்டும் பட்டும் விளைந்த ஊர் என்றே அழைக்கிறார்கள். அங்கே பாதிரிமாருக்குரிய பூஜை வஸ்திரங்களை நெய்துவந்த பழைய பட்டறை ஒன்றைக் காட்சிசாலையாகப் பாதுகாத்து வருகின்றனர். “ஜக்கார்டுப் பெட்டி வைத்த தறியை ஒருவர் மிதித்துக் காட்டினார். அந்தச் சப்தம் கேட்டதும் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது,” என்றான் அப்பிள்ளை. தந்தையார் நிமிர்ந்து பார்த்தார். நாடாவை மட்டும் நிறுத்தவில்லை. “அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை தறி ஓடுமா, தம்பி?” என்று கேட்டார். “ஓடாது, அப்பா,” என்றான் அவன்.

இந்தக் கேள்வியும் விடையுமே இன்று நம்மை எழுதத் தூண்டின.

கிரெபெல்டின் நெசவாளர் பிறவியிலேயே பாக்கியசாலிகள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மதக் கொள்கைக்காகத் துன்புறுத்தப்பட்ட மெனோனைட்டுகள் என்னும் வகுப்பார் 17ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுள் ஒருவரான பான்டெர்லையன் குடும்பத்தார் பட்டு வியாபாரத்தை வளர்த்துப் பெருஞ் செல்வம் ஈட்டினார்கள். நூல் முதலாளியுடையது, தறி நெசவாளன் வீட்டில், கூலி முழத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில். ஆரணியில் நடப்பதும் அதுவே அல்லவா? 1828ஆம் வருஷத்தில் கூலியைக் குறைத்தபொழுது கிரெபெல்ட் நெசவாளர் கொதித்தெழுந்தனர். அரசாங்கம் குதிரைப் படையை ஏவி அவர்களை அடக்கிற்று. 1844இல் சைலீஷியா மாகாணத்து நெசவாளரும் அவ்வாறே எழுந்து, துப்பாக்கிக்கு இரையாயினர்.

ஆகவே, இன்று நம் பிள்ளைகள் அங்கே அனுபவிக்கும் சனியும் ஞாயிறும் யாரோ தர்மமாய்க் கொடுத்தவை அல்ல. 1891இல் ஆலைகளில் ஞாயிறு வேலையைச் சட்டம் தடுத்தது. முதல் உலக யுத்தத்தில் தோற்று, தேசமே பட்டினி கிடந்த 1918 நவம்பரில் எட்டு மணி நேர வேலை வந்தது. 1919ஆம் வருஷத்து வைமார் அரசியல் சட்டத்தின் 139வது ஷரத்து ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுக்கும் ஆன்ம உயர்வுக்கும் உரிய நாளாகக் காப்பாற்றிற்று. 1949ஆம் வருஷத்து மூலச் சட்டம் தன் 140வது ஷரத்தினால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. 2009 டிசம்பர் முதல் தேதியன்று, பெர்லினில் கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க அனுமதித்த சட்டம் செல்லாதென்று அந்நாட்டு அரசியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வியாபாரியின் லாபத்தைவிட ஜனங்களின் ஓய்வு பெரிதென்று ஒரு நீதிமன்றம் கூறுமாயின், வக்கீல் தொழில் செய்யும் நமக்கு அதைக் காட்டிலும் மகிழ்ச்சி தரும் தீர்ப்பு வேறென்ன இருக்கிறது? சனிக்கிழமையோ இன்னும் பிந்தி வந்தது. 1956 மே தினத்தில், சனிக்கிழமை என் தந்தை எனக்கே உரியவர் என்று ஒரு குழந்தை கேட்பதாய் விளம்பரம் எழுதி, தொழிற்சங்கங்கள் கிளர்ச்சி தொடங்கின.

எனினும் ஜெர்மனியை ஒரே மூச்சாகப் புகழ நாம் ஆயத்தமாயில்லை. 1983ஆம் வருஷத்துக் கொடுமைகளுக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழர் பல்லாயிரவர் அத்தேசத்தில் அடைக்கலம் தேடினார்கள். 1982ஆம் வருஷத்து அடைக்கலச் சட்டப்படி, தமக்குக் குறித்த ஜில்லாவை விட்டு உத்தரவின்றி அவர்கள் வெளியேறக் கூடாது. அடுத்த ஊரிலுள்ள அண்ணனைப் பார்க்கப் போவதும் குற்றம். முதல் முறை அபராதம்; மீண்டும் செய்தால் சிறைவாசமும் விதிக்கலாம். அந்தக் கட்டு பெருமளவு தளர்ந்தது 2015 ஜனவரியிலேதான். ஹாம் நகரத்தில் அத்தமிழர் எழுப்பி, 2002இல் கும்பாபிஷேகம் செய்த காமாட்சி அம்பாள் ஆலயத்துத் தேர்த் திருவிழாவுக்கு இன்று ஆயிரக்கணக்கானோர் தேசங் கடந்தும் வருகின்றனர். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரியாது.

இனி ஆரணிக்கு வருவோம். நம் நண்பரை ஊரை விட்டுப் போகக் கூடாதென்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இந்தியாவெங்கும் தடையின்றி நடமாடும் உரிமையை நம் அரசியல் சாசனத்தின் 19வது ஷரத்து அவருக்கும் அளித்திருக்கிறது. ஆனால், பக்கத்திலுள்ள படவேட்டு ரேணுகாம்பாள் சந்நிதிக்குப் போய் மூன்று வருஷங்களாயின என்கிறார். ஏன் என்று கேட்டோம். “குழியை விட்டு எழுந்தால் கூலி நின்றுவிடும், ஐயா. வாங்கிய முன்பணம் நிற்காதே,” என்றார். அவர் வீட்டில் அமாவாசையன்று தறி ஓடாது. மழை பிடித்துக் குழியில் ஈரம் ஊறினால் ஓடாது. பாவு வரத் தாமதித்தால் ஓடாது. அவை ஓய்வு நாட்கள் அல்ல, கூலியற்ற நாட்கள். ஓய்வென்பது வேறு, வேலையின்மை என்பது வேறு என்பதை நம் தேசத்துப் பெரிய மனிதர்கள் இன்னும் உணர்ந்தபாடில்லை.

இது ஒரு வீட்டுக் கதையுமன்று. 2019-20ஆம் வருஷத்துக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இத்தொழிலில் ஈடுபட்டோர் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்குக் குறைந்த வருமானமே உடையவை.

நம் சாசனத்தை இயற்றியோர் இதை மறக்கவில்லை. 43வது ஷரத்தைப் படித்துப் பாருங்கள். ஜீவனத்துக்குப் போதிய கூலியும், ஓய்வை முழுமையாக அனுபவிக்கும் வாய்ப்பும் தொழிலாளர் அனைவருக்கும் கிடைக்க ராஜ்யம் முயல வேண்டும் என்று அது கூறுகிறது. அதே ஷரத்தில், அதே மூச்சில், குடிசைத் தொழில்களை வளர்க்க வேண்டுமென்றும் கூறுகிறது. ஓய்வும் தறியும் அங்கே அருகருகே இருக்கின்றன. ஆனால் அது கோர்ட்டில் கேட்டுப் பெறத்தக்க உரிமையன்று. வழிகாட்டும் கோட்பாடு மட்டுமே. ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் வருஷத்துச் சட்டத்தினால் வாரத்தில் ஒருநாள் விடுமுறை கிடைத்தது. வீட்டுக் குழித்தறியோ ஆலை ஆகவில்லை. விடுமுறையும் அதன் வாசற்படி ஏறவில்லை.

“நெசவாளன் தனக்குத் தானே எஜமானன், வேண்டும்போது ஓய்ந்துகொள்ளலாமே” என்பார் சிலர். முன்பணமும் முழக்கூலியும் உள்ளவரை அந்த எஜமானத்தனம் வெறும் சொல்லே. “ஜெர்மனி பணக்கார தேசம், நமக்குக் கட்டுமா?” என்பார் வேறு சிலர். 1918இல் அத்தேசம் பணக்கார தேசமாயிருக்கவில்லை. 1956இல், குண்டுகளால் இடிந்த நகரங்கள் முழுதும் எழும்பியும் இருக்கவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்பவருக்கென்றே 1951இல் ஜெர்மானியர் தனிச் சட்டம் இயற்றினார்கள். 1963ஆம் வருஷத்து விடுமுறைச் சட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. இப்போதைய ஏற்பாட்டின்படி அவர்கள் சம்பாதிக்கும் கூலியின்மேல் நூற்றுக்கு 9.1 வீதம் விடுமுறைப் பணமாகச் சேர்கிறது. முழக் கணக்குக் கூலிக்கும் விடுமுறை கொடுக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை. ஆரணிப் பட்டு நெசவாளர் கூட்டுறவு ஸ்தாபனங்கள் இதைத் தொடங்கி வைக்கட்டும். புடவைக்குப் புடவை கூலியோடு ஓய்வுப் பங்கொன்றைச் சேர்த்து நெசவாளன் பேரில் வரவு வைக்கட்டும். தனி முதலாளிகளையும் அதற்குக் கட்டுப்படுத்தச் சர்க்கார் சட்டம் செய்யட்டும். பட்டு விலை சிறிது ஏறுமே என்றால், ஏறட்டும். கலியாணத்துக்குப் பல்லாயிரம் கொடுத்துப் புடவை எடுப்பவர், அதை நெய்தவனின் ஒருநாள் ஓய்வுக்கும் விலை கொடுப்பதில் தவறென்ன?

விடைபெற்று எழுந்தபோது, மகன் தகப்பனாரைத் தன்னோடு ஒரு மாதம் ஜெர்மனிக்கு வரும்படி வற்புறுத்திக்கொண்டிருந்தான். கிரெபெல்ட் தறியைக் காட்ட வேண்டுமாம். “இந்தப் பாவு இறங்கட்டும், பார்க்கலாம்,” என்றார் அவர். ஒரு பாவு இறங்கினால் மறுபாவு ஏறும் என்பது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நாம் தெருவில் இறங்கி நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பொழுது. நாடா ஓடிக்கொண்டே இருந்தது.