இலக்கம் உங்களிடம், அதிகாரம் அங்கே

மருதனார்மடத்தில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைப் பீடத்தில் மிருதங்கம் படிக்கும் மாணவியும் அவருக்குக் கற்பிக்கும் விரிவுரையாளரும் ஒரே கற்றல் தளத்துக்குள் நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாணவிக்குத் தன் புள்ளி மட்டும் தெரியும். விரிவுரையாளர் வகுப்பு முழுவதற்கும் புள்ளி போடலாம். இருவரும் கடவுச்சொல் கொடுத்தது ஒருமுறைதான். பிறகு பக்கத்துக்குப் பக்கம் தளம் ஆளை எப்படி அறிகிறது?

வலையின் எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகம் என்பதே கிடையாது. ஒவ்வொரு சொடுக்கும் அதற்கு முன்பின் தெரியாத ஆளின் வருகைதான். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொண்டுலி, தளம் உலாவியில் வைத்துவிடும் சிறு குறிப்பான குக்கியை உருவாக்கிய பிறகு இதற்கு எளிய வழி பிறந்தது. நீங்கள் உள்நுழைந்ததும் தளம் ஊகிக்க முடியாத நீண்ட இலக்கம் ஒன்றைக் குக்கியாக உங்கள் உலாவியிடம் கொடுக்கிறது; ஒவ்வொரு சொடுக்கிலும் உலாவி அதைத் திருப்பிக் காட்டுகிறது. சைக்கிள் பார்க்கில் தரும் துண்டு மாதிரி, அதில் வேறெதுவும் இல்லை. நீங்கள் மாணவரா, ஆசிரியரா என்ற விவரம் அந்த இலக்கத்தின் பேரில் சேவையகத்திலேயே இருக்கிறது. அதுதான் செஷன்.

அதிகார மட்டத்தையே குக்கியில் எழுதிக் கொடுத்தால் என்ன? உலாவியில் இருப்பதை யாரும் திருத்தலாம். 'மாணவர்' என்பதை அழித்து 'ஆசிரியர்' என்று எழுத ஒரு நிமிடம் போதும்.

செஷனில் வைத்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. காலையில் உள்நுழைந்த ஒருவரின் ஆசிரியர் உரிமையை நிர்வாகி மதியம் நீக்குகிறார். செஷனோ காலையில் எழுதியதையே நம்பிக்கொண்டிருக்கும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பரவலாகப் புழங்கும் மூடில் என்ற கற்றல் தள மென்பொருள் இதற்குக் கண்டிருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. உரிமை மாறியதும் அந்தப் பயனரை அது 'அழுக்கு' என்று குறித்துவைக்கிறது. அவருடைய அடுத்த சொடுக்கில் அந்தக் குறியைக் கண்டு, செஷனில் உள்ள பழைய உரிமை விவரத்தைத் தள்ளிவிட்டு, தரவுத்தளத்திலிருந்து உரிமைகளைப் புதிதாக வாசிக்கிறது. வேகமும் கெடவில்லை, காவலும் தளரவில்லை.

ஒன்றை மட்டும் மென்பொருளால் முழுமையாகத் தடுப்பது கடினம். உங்கள் இலக்கம் கிடைத்தவருக்கு உங்கள் அதிகாரமும் கிடைத்துவிடலாம். ஆகவே கடைக் கணினியில் வேலை முடிந்ததும் உலாவிச் சாளரத்தை மட்டும் மூடிவிட்டு எழும்பிப் போகாதீர்கள். 'வெளியேறு' பொத்தானை அழுத்துங்கள். சேவையகம் அந்தச் செஷன் பதிவை அப்போதே அழித்துவிடும்.